முன்பின் தெரியாத ஊரில் துப்பறிவது: ஜித்தா நாவல்களும் நானும்

வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டு வாசலில் கோலம் இல்லை, பால் பாக்கெட் பத்து மணிவரை கேட்டிலேயே தொங்குகிறது என்று ஒரு கதை ஆரம்பித்தால், அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எது வழக்கம் என்று தெரிந்திருப்பதால்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று கண்ணில் படுகிறது. துப்பறியும் கதை வாசிப்பதன் சுகமே இந்த அறிவில்தான் இருக்கிறது. இதே வாசகரை ஜித்தாவில் ஒரு பணக்காரக் கூட்டுக்குடும்பத்தின் வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? வந்த விருந்தாளியிடம் வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எதையாவது மறைக்கிறார்களா, அல்லது அதுதான் அங்கே மரியாதையா? கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. சந்தேகப்பட வேண்டுமா, கூடாதா?

இந்தத் தவிப்பை எனக்கு முதலில் கொடுத்தவை ஸோயி ஃபெராரிஸ் எழுதிய மூன்று நாவல்கள். 2008இல் ‘ஃபைண்டிங் நூஃப்’, 2010இல் ‘சிட்டி ஆஃப் வெய்ல்ஸ்’, 2012இல் ‘கிங்டம் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’. மூன்றும் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் நடக்கின்றன. மூன்றிலும் இரண்டு பேர் தொடர்ந்து வருகிறார்கள். ஒருவன் நாயிர், பாலஸ்தீனப் பூர்விகம் கொண்ட பாலைவன வழிகாட்டி. ஆழ்ந்த இறைபக்தி உள்ளவன், கடற்கரையில் ஒரு படகில் தனியாக வாழ்கிறவன். இன்னொருத்தி காத்யா, தடயவியல் கூடத்தில் வேலை பார்ப்பவள். முதல் நாவலில் நூஃப் என்ற பதினாறு வயதுப் பெண், கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு காணாமல் போகிறாள். பாலைவனத்தில் ஒரு காட்டாற்றுப் பள்ளத்தில் உடல் கிடைக்கிறது. நீரில் மூழ்கிச் செத்திருக்கிறாள்.

ஜித்தா என்ற பேர் எங்கள் வீட்டில் புதிதில்லை. சித்தப்பா அங்கே வருஷக்கணக்காக வண்டி ஓட்டினார். இகாமா (தங்கும் அனுமதி அட்டை), கஃபீல் (விசா கொடுத்துப் பொறுப்பேற்கும் முதலாளி), ‘ரிலீஸ்’ (வேறு முதலாளியிடம் மாற அவர் தரும் சம்மதம்) என்ற சொற்களைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். ராமநாதபுரம் பக்கம் எங்கே போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அப்படியும் அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சித்தப்பா கொண்டுவந்த பெட்டிக்குள் இருந்ததும் அவர் சொல்ல விரும்பியதும் மட்டும்தான். அத்தனை வருஷத்தில் ஒரு சவூதி வீட்டின் உள்கட்டை அவர் பார்த்ததில்லை. சரக்கை வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாவலைக் கையில் எடுக்கும் எல்லாருக்கும் முதலில் வருவது எரிச்சல். ‘அவளிடம் நேராகப் போய்க் கேட்க வேண்டியதுதானே?’ என்று பக்கத்துக்குப் பக்கம் தோன்றும். நாயிர் கேட்க மாட்டான். முகத்திரை இல்லாத பெண் எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வான். காத்யா அவனிடம் இயல்பாகப் பேச ஆரம்பிக்கும்போது, பேச்சைவிட அவளோடு ஒரே அறையில் இருப்பதுதான் அவனை அதிகம் வாட்டுகிறது. கதை நகரவில்லையே என்று நமக்குப் பொறுமை போகும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள். கதை நகராமல் நிற்கும் இடம்தான் இந்த நாவல்களின் இயந்திர அறை.

ஒரு சாதாரணத் துப்பறியும் கதையில் துப்பறிபவருக்கு ஊர் முழுக்கத் திறந்துகிடக்கும். சமையலறைக்குள் போவார், வேலைக்காரம்மாவிடம் பேசுவார், பாருக்குள் நுழைந்து விசாரிப்பார். ஃபெராரிஸ் காட்டும் ஜித்தாவில் அப்படி எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருக்கும் ஒரு ஆள் இருக்கவே முடியாது. பாலைவனத்துக்குப் போய்த் தடம் பார்க்க நாயிரால் முடியும், நூஃபின் அறைக்குள் போக முடியாது. காத்யாவால் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேச முடியும், தனியாகப் பாலைவனத்துக்குப் போக முடியாது. உண்மையில் ஒரு பாதி ஆண்கள் பக்கத்திலும் மறுபாதி பெண்கள் பக்கத்திலும் கிடக்கிறது. இரண்டு பேரும் சந்தித்துப் பேசினால்தான் அது முழுமை பெறும். அப்படிச் சந்திப்பதே அந்த ஊரில் தப்பு. இது புரிந்ததும் இருவருக்கும் நடுவே வரும் ஒவ்வொரு தயங்கிய உரையாடலும் எனக்குத் துரத்தல் காட்சி அளவுக்குப் பதற்றமாகிவிட்டது. ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசுவதற்கே என்ன விலை கொடுக்கிறார்கள் பாருங்கள்.

ஆக நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது. அந்தச் சமூகத்தின் ஒவ்வொரு விதியையும் பார்த்து ‘என்ன கொடுமை’ என்று நிறுத்திவிடாமல் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த விதி யாரைத் தடுக்கிறது? இந்த விதிக்குப் பின்னால் யார் ஒளிந்துகொள்ள முடியும்?

பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்று கதை நடக்கும் காலத்தில் இருந்த விதியை எடுத்துக்கொள்ளலாம். அது பெண்ணைக் கட்டிப்போடுகிறது என்பது தெரிந்ததே. துப்பறிபவரின் கண்ணில் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு பெண் எங்கே போனாலும் அவளைக் கூட்டிப்போனவன் ஒருவன் இருப்பான். அவள் போன ஒவ்வொரு பயணத்துக்கும் சாட்சி உண்டு. அந்தச் சாட்சி பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த ஓட்டுநர். வீட்டில் எல்லார் ரகசியமும் அவனுக்குத் தெரியும். அவன் இருப்பதையே யாரும் கவனிப்பதில்லை. சரி, அவனைக் கேட்டால் சொல்லிவிடுவானா? மாட்டான். அவனுடைய விசாவும் இகாமாவும் கஃபீலின் கையில். முதலாளி வீட்டைப் பற்றி வாயைத் திறந்தால் அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டிவரலாம். ஒரே விதி சாட்சியை உண்டாக்கியும் கொடுக்கிறது, இன்னொரு விதி அவன் வாயை அடைத்தும்விடுகிறது. இதைச் சித்தப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “டிரைவருக்குத் தெரியாம அந்த ஊர்ல ஒண்ணும் நடக்காதும்மா. ஆனா அவன்கிட்ட யாரு கேக்கப்போறா?” என்றார்.

இதேபோல்தான் பாதுகாவலர் முறையும். தகப்பன், கணவன், சகோதரன், சில வீடுகளில் மகன் என்று ஒரு ஆண் எப்போதும் பெண்ணுக்குப் பொறுப்பாளி. கதை நடக்கும் காலத்தில் அவள் வெளிநாடு போக அவன் சம்மதம் வேண்டும். பெண்களுக்குத் தனியாக அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்ததே 2001இல்தான், அதற்கும் அப்போது பாதுகாவலரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதுவரை அவள் குடும்ப அட்டையில் ஒரு பெயர். கதைக்குள் இதன் பொருள் என்னவென்றால், ஒரு பெண்ணைப் பற்றிய எந்தக் காகிதத்திலும் ஒரு ஆணின் கையெழுத்து இருக்கும். கையெழுத்து இருந்தால், அவனுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. கையெழுத்து இல்லாமல் அவள் போயிருந்தால், வேறு யாரோ உதவியிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் விசாரணைக்கு ஒரு நூல் கிடைக்கிறது.

பழைய ஜித்தாவைப் பற்றி நாவலுக்கு வெளியே தேடிப் படித்தபோது இன்னொன்று கிடைத்தது. அல்-பலத் என்ற அந்தப் பழைய நகரத்தின் வீடுகள் பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. 2014இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வீடுகளின் முகப்பில் மரச்சட்டம் பின்னிய பெரிய மாடங்கள் தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். ரவாஷின் என்று பெயர். உள்ளே இருக்கும் பெண்களுக்குக் காற்று வரும், தெரு முழுக்கத் தெரியும், தெருவில் போகிறவருக்கு அவர்களைத் தெரியாது. அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, அந்தத் தெருவில் எத்தனை சாட்சிகள் என்பதுதான். பார்த்தவர்கள் ஏராளம், அவர்களிடம் போய்க் கேட்கக்கூடியவர்தான் இல்லை. (நஸீஃப் மாளிகை முன்னால் ஒரு பழைய வேப்பமரம் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊருக்கே அது ஒன்றுதான் மரம் என்பார்கள். வேப்பமரத்தை அங்கே பார்த்தது ஏனோ மனசுக்கு நெருக்கமாக இருந்தது.)

இரண்டாவது விஷயம், எது வழக்கம், எது துப்பு என்று பிரித்துப் பார்ப்பது. இதற்கு எனக்குக் கைகொடுத்த வழி மிக எளிமையானது. எனக்கு ஆச்சரியமாக இருப்பதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கதைக்குள் இருக்கும் அந்த ஊர்க்காரருக்கு ஆச்சரியமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். மாப்பிள்ளைக்குப் பெண்ணைத் தெரியாது என்பது எனக்குத் திகைப்பு, நாயிருக்கு அது சாதாரணம். ஆகவே அது வழக்கம், விட்டுவிடலாம். அந்தச் சின்னப் பெண் ஒரு டிரக்கையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போனாள் என்று வீட்டார் சொல்லும்போது, சினிமாவில் இதைவிடப் பெரியதெல்லாம் பார்த்திருக்கும் எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. நாயிரோ அங்கேயே நின்றுவிடுகிறான். அப்போது அது துப்பு.

ஒரு நோட்டில் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘எனக்கு வியப்பு’ என்றும் வலப்பக்கம் ‘அவர்களுக்கு வியப்பு’ என்றும் எழுதிக்கொண்டு வாசித்தேன். இடப்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும். அது அந்த ஊரைப் பற்றிய குறிப்பு. வலப்பக்கம் மெதுவாகத்தான் ஏறும், கொலைகாரனிடம் கொண்டுபோய் விடுவது அதுதான். இந்த வழக்கம் எனக்குப் பிறகு எல்லா அயலூர்க் கதைகளுக்கும் பயன்பட்டது.

இரண்டாவது நாவலில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் மிரியம் என்ற அமெரிக்கப் பெண் வருகிறாள். ஊருக்குப் போய்விட்டு ஜித்தா திரும்புகிறாள். விமான நிலையத்திலிருந்து அழைத்துவந்த கணவன் அன்றைக்கே காணாமல் போய்விடுகிறான். அந்த ஊரில் ஆண் துணை இல்லாத வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஒவ்வொரு அடியும் சிக்கல். அவள் திகைக்கும் இடங்களில் நாமும் திகைப்போம், ஏனென்றால் நம்மைப்போன்ற வெளியாளுக்காகவே அவளை ஆசிரியர் உள்ளே அனுப்பியிருக்கிறார். அவளுடைய வியப்பை நான் இடப்பக்கத்தில்தான் எழுதினேன். கடற்கரையில் ஒதுங்கிய ஓர் அடையாளம் தெரியாத உடலைப் பற்றி விசாரிக்கும் அதிகாரி உஸாமாவுக்கும் காத்யாவுக்கும் எது உறுத்துகிறது என்பதுதான் வலப்பக்கத்துக்கு உரியது. வெளியாள் பாத்திரம் இருக்கும் நாவல் வாசிக்கச் சுலபம். ருசி என்னவோ முதல் நாவலில்தான் அதிகம், ஏனென்றால் அதில் நமக்கு விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

பாலைவனத்தில் ஒரு பெண் நீரில் மூழ்கிச் சாகிறாள் என்பதை முதலில் நாவலாசிரியரின் கற்பனை என்றே எடுத்துக்கொண்டேன். வாசிக்கிறவரை அசத்த வைத்த முரண் என்று தோன்றியது. சித்தப்பாதான் அதை மாற்றினார். “மழைக்காலத்துல வாதி பள்ளத்துல வண்டியப் போட்டுட்டுத் தூங்கக் கூடாதுன்னு எங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க. இங்க மானம் வெளுத்திருக்கும், மலையில பெஞ்ச தண்ணி வந்து அடிச்சிட்டுப் போயிரும்” என்றார். காய்ந்து இறுகிய மண் தண்ணீரை உடனே உறிஞ்சாது, மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் அப்படியே பள்ளத்தில் பாய்ந்துவிடும். 2009 நவம்பர் 25ஆம் தேதி ஜித்தா நகரத்துக்குள்ளேயே சில மணிநேர மழையில் வெள்ளம் புகுந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாவல் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். நம்பமுடியாததாகத் தோன்றும் இயற்கை விவரத்தை உடனே தேடிப் பார்த்துவிட வேண்டும். பழக்கவழக்க விவரத்தை அத்தியாயம் முடிந்த பிறகு தேடினால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் கைபேசியை எடுத்தால் கதை சிதறிவிடும்.

கால்தடம் பார்ப்பவர்களைப் பற்றியும் தேடிப் படித்தேன். அல்-முர்ரா என்ற பாலைவன நாடோடிப் பழங்குடியினர் இதில் பேர்போனவர்கள். மணலில் பதிந்த அடியை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது அரேபியா முழுக்க இருக்கும் நம்பிக்கை. சவூதிக் காவல்துறை அவர்களை வேலைக்கே வைத்திருக்கிறது. டிஎன்ஏ சோதனையும் தடம் பார்க்கும் கிழவரும் ஒரே வழக்கில் வருவது கதைக்காகச் செய்த கலவை இல்லை, அந்த ஊரின் நிஜம்.

மூன்றாவது, ஆண்டைப் பார்க்க வேண்டும். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். இந்த மூன்று நாவல்களும் சொல்லும் சவூதி இப்போது அப்படியே இல்லை. மக்களை வழிமறித்து மார்க்க ஒழுக்கத்தை விசாரித்த மதக் காவலர்களுக்கு 2016 ஏப்ரலில் கைது செய்யும் அதிகாரம் போனது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். 2019இல் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று ஆனது. அதே வருஷக் கடைசியில், உணவகங்களில் குடும்பங்களுக்கும் தனி ஆண்களுக்கும் வெவ்வேறு வாசல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் போனது. காத்யா இன்றைக்கு வேலைக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். அவள் நாவலில் தன்னைக் கல்யாணமானவள் என்று அலுவலகத்தில் சொல்லிவைத்துக்கொண்டு, எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று நாளைக் கடத்துகிறாள். விசாரிப்பவளே ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தப் பாத்திரத்தின் உயிர். விதிகள் மாறும்போது கதையின் பூட்டும் சாவியும் மாறிவிடுகின்றன. ஆகவே புத்தகத்தின் பதிப்பு ஆண்டை முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டைப் பற்றி இன்றைக்கு யாரிடமாவது பேசும்போது இந்த நாவல்களை ஆதாரம் காட்டாதீர்கள்.

எழுதியவர் எங்கே நின்று எழுதுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபெராரிஸ் அமெரிக்கர். முதல் வளைகுடாப் போருக்குப் பிறகு, அப்போதைய கணவரின் குடும்பத்தோடு ஜித்தாவில் வாழ்ந்தவர். ஒரு மருமகளாகப் பெண்கள் பக்கத்து அறைகளுக்குள் போய்வந்தவர். அதனால்தான் வீட்டின் உள்கட்டு அவர் எழுத்தில் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே சமயம் அவர் எழுதுவது ஆங்கிலத்தில், முதல் வாசகர் அமெரிக்க வாசகர். அங்கங்கே அவர்களுக்காக ஒரு விளக்கம் எட்டிப்பார்க்கும். வெளியாள் எழுதினார் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம்.

ஒரு நாவல் நியாயமாக நடந்துகொள்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் நாயிர்தான். அவனுடைய பக்தியைக் கேலிசெய்து, கடைசியில் அவனை ‘திருந்திய’ ஆளாக ஆக்கியிருந்தால் நான் முதல் நாவலோடு நிறுத்தியிருப்பேன். ஃபெராரிஸ் அப்படிச் செய்யவில்லை. நூஃபுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியாததற்குக் காரணமே அவன் இறைநம்பிக்கைதான். விபத்து என்று எல்லாரும் முடித்துவிட்ட பிறகும் அவன் விடாததற்குக் காரணம், இறந்துபோன ஒரு பெண்ணுக்குத் தான் பொறுப்பு என்று உள்ளூர நம்புவதுதான். அவனைத் தடுக்கும் அதே மனசாட்சிதான் அவனை முன்னால் தள்ளுகிறது. இப்படி ஒரு பாத்திரம் இல்லாமல், ‘இந்தச் சமூகம் இப்படி, அதனால்தான் கொலை’ என்று முடிக்கும் நாவல்கள் நிறைய உண்டு. அவை துப்பறியும் கதையாகவே எனக்குப் படுவதில்லை. கொலை செய்தது பண்பாடு என்றால் பிறகு யாரைக் கண்டுபிடிக்க?

இதற்கு நல்ல ஜோடியாக ஹாரி கெமெல்மன் 1964இல் எழுதிய ‘ஃப்ரைடே தி ராபை ஸ்லெப்ட் லேட்’ நாவலைச் சொல்வேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூர், யூதக் கோயில் வளாகத்தில் ஒரு பெண்ணின் உடல். துப்பறிபவர் அந்தக் கோயிலின் இளம் ராபை, அதாவது யூத மதகுரு, டேவிட் ஸ்மால். நாவலின் ஆரம்பத்தில் அவர் இரண்டு பேருக்கு இடையே ஒரு கார் பழுதானதற்கு யார் பொறுப்பு என்ற சண்டையைப் பழைய மறைநூல் வாதமுறையில் தீர்த்துவைக்கிறார். கொலைக்கும் அதே முறைதான். அங்கே மரபு அறிவின் கருவியாகவே வேலை செய்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் கிராமங்களில் நடக்கும் கதைகளையும் இதே கண்ணோடு வாசித்துப் பாருங்கள். படம் எடுத்துக்கொள்வதை விரும்பாத சமூகம் அது. காணாமல்போன பிள்ளையைத் தேட போலீஸிடம் கொடுக்க ஒரு ஃபோட்டோகூட இருக்காது.

மூன்றாவது ஜித்தா நாவலுக்கு வருகிறேன். பாலைவன மணலில் 19 பெண்களின் உடல்கள் கிடைக்கின்றன. இறந்தவர்கள் பிழைப்புக்காக வந்த ஆசியப் பெண்கள். இத்தனை பேர் வருஷக்கணக்கில் காணாமல் போயும் ஊருக்கு எப்படித் தெரியாமல் போனது? அமெரிக்க வாசகருக்கு இது பெரிய மர்மம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரருக்கு இது உடனே புரிந்துவிடும். வீட்டு வேலைக்கு வந்த பெண் ஒருநாள் இல்லையென்றால் கஃபீல் ‘ஹுரூப்’ கொடுத்துவிடலாம், அதாவது ஓடிப்போய்விட்டாள் என்று பதிவு செய்துவிடலாம். அந்த நிமிஷத்திலிருந்து அவள் தேடப்படும் குற்றவாளி. கொலையுண்டவளைக் காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் காகிதத்தில் அவள் தப்பித்து எங்கோ உயிரோடு இருக்கிறாள். ஒரு கொலைகாரனுக்கு இதைவிட வசதியான மறைப்பை எந்தக் கதாசிரியராலும் கற்பனை செய்ய முடியாது.

அந்த நாவலை நான் தொடர்ந்து வாசிக்க முடியாமல் அடிக்கடி மூடிவைத்தேன். இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்தான் மனதில் வந்துகொண்டிருந்தாள். 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள், பராமரிப்பில் இருந்த கைக்குழந்தையின் மரணத்துக்காக மரண தண்டனை பெற்றாள். பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவளுக்கு 17 வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். இறந்தவரின் குடும்பம் மன்னித்தால் தண்டனை விலகும் என்பது அங்கிருக்கும் சட்டம். மன்னிப்பு கிடைக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாவல்களில் இரத்தப் பணம் (போன உயிருக்கு ஈடாகக் குடும்பத்துக்குக் கொடுக்கும் தொகை), குடும்பத்தின் மன்னிப்பு என்று வரும் இடங்கள் பிற வாசகர்களுக்குக் கதைத் திருப்பமாக இருக்கலாம். தமிழ் பேசும் வாசகர் அதை அப்படி வாசித்துவிட்டு நகர முடியாது. நகரவும் வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வகை நாவல்களில் விளிம்பில் வந்துபோகும் டிரைவரும் பணிப்பெண்ணும் தோட்டக்காரனும் நம் ஆட்கள். ஒரு வரியில் வந்து போகிறவர்களானாலும் அவர்கள் பெயரை நோட்டில் எழுதிவைப்பேன். ஆசிரியர் அவர்களை மறந்துவிட்டாரா, இல்லை கடைசியில் திரும்ப அழைக்கிறாரா என்று பார்ப்பேன். ஃபெராரிஸ் மூன்றாவது நாவலில் அவர்களைக் கதையின் நடுவுக்கே கொண்டுவந்தார் என்பதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

‘பாவம், அந்த ஊர்ப் பெண்கள்’ என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிற வாசிப்பு இருக்கிறதே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நூஃபின் குடும்பம் விசாரணை வேண்டாம் என்று ஒதுங்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது நம் நாளிதழ்களின் பழைய வரி: ‘தீராத வயிற்றுவலி காரணமாக இளம்பெண் தற்கொலை.’ அந்த வயிற்றுவலிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெருவுக்கே தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். ஒரு குடும்பம் எதற்காக வாயை மூடிக்கொள்கிறது, யார் யாருக்கெல்லாம் அந்த மௌனம் வசதி என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான பாடம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவை ஜித்தாவுக்கும் கொண்டுபோனால், அந்த வீட்டின் மௌனம் நமக்குச் சீக்கிரமே பேச ஆரம்பித்துவிடும்.

வாசிக்கப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பெயர்ப் பட்டியல் கட்டாயம் வேண்டும். ஒரே ஆளைச் சொந்தப் பெயராலும் குடும்பப் பெயராலும், ‘அபூ’ சேர்த்து மூத்த மகனின் பெயராலும் கூப்பிடுவார்கள். ஐம்பது பக்கத்துக்குள் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு மரம் வரைந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஜித்தா வரைபடத்தில் கார்னிஷ் கடற்கரைச் சாலை, பழைய நகரம், கிழக்கே மலைப்பக்கம் மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொழுகை நேரங்களையும் தெரிந்துகொள்வது நல்லது. கதை நடக்கும் காலத்தில் ஐந்து வேளையும் கடை அடைத்துத் திறக்கும், அதனால் ‘மக்ரிபுக்குப் பிறகு’, அதாவது அந்தித் தொழுகைக்குப் பிறகு, ‘பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அதுவே கடிகார நேரம் அளவுக்கு உறுதியான சாட்சி.

முடிந்தால் தனியாக வாசிக்காதீர்கள். நானும் என் தோழி ஒருத்தியும் ஒரே அத்தியாயத்தை ஒரே வாரத்தில் வாசித்துப் பேசினோம். அவள் முஸ்லிம் குடும்பம். மார்க்கம் சொல்வது எது, அந்த நாட்டு வழக்கம் எது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. நான் ஒன்றாகவே பார்த்த பல விஷயங்கள் அவள் பேச்சில் இரண்டாகப் பிரிந்தன. சித்தப்பா ஆங்கில நாவல் வாசிப்பவர் இல்லை, ஆனால் ஃபோனில் கதை கேட்பார், தெருவின் பக்கத்திலிருந்து பதில் சொல்வார். இவர்கள் இரண்டு பேரும் இல்லாமல் என் நோட்டின் வலப்பக்கம் பாதிகூட நிரம்பியிருக்காது.

வாங்கும்போது ஒரு கவனம்: முதல் நாவல் பிரிட்டனில் ‘தி நைட் ஆஃப் தி மிராஜ்’ என்ற வேறு தலைப்பில் வந்தது. அட்டையும் வேறு, புத்தகம் ஒன்றுதான். ஒவ்வொரு வழக்கும் தனிக்கதை என்றாலும் வரிசையாகவே படியுங்கள், நாயிருக்கும் காத்யாவுக்கும் நடுவே நடப்பது மூன்று புத்தகங்களிலும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கிறது. மூன்றாவதை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள். அது கனமான புத்தகம், இரவில் வாசிக்க உகந்ததில்லை.